அண்டர்டேக்கருக்கு எத்தனை உயிர்? எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு நாட்டாமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மகா கனம் பொருந்திய கடைசி பெஞ்ச் பஞ்சாயத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் நம்மில் ஒருவன் வீட்டுக் காதுகுத்தில், பந்தி முடிந்து பீடாவும் போட்ட பிறகு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு வழக்கை விசாரித்தோம். நாற்பதைத் தொட்ட ஐந்து பேர். இரண்டு பேருக்குச் சர்க்கரை. ஒருவன் இடுப்பில் பெல்ட். சாம்பியன் பெல்ட் இல்லை, எலும்பு டாக்டர் கொடுத்தது. வழக்கு என்னவென்றால், டிவியில் நாம் பார்த்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தத்தில் செத்துச் செத்துப் பிழைத்து வந்த அண்டர்டேக்கர் என்ற மல்லருக்கு ஏழு உயிர் உண்டா இல்லையா. மொய் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, "தம்பிகளா, பந்தல்காரர் சேர் கேட்கிறாரு" என்று சொன்னதால்தான் தீர்ப்பு தள்ளிப்போனது.

அதோடு என் மேல் ஒரு கிளை வழக்கும் நிலுவையில் இருக்கிறது. 2014 ரெஸில்மேனியாவுக்கு, அதாவது அந்தக் கம்பெனியின் வருடாந்திரப் பெரிய திருவிழாவுக்கு, முந்தின வாரம், "அண்டர்டேக்கர் தோத்தா எல்லாருக்கும் என் செலவுல பிரியாணி" என்று வாய்விட்டேன். தோற்றார். "அது முடிவை எழுதி வைத்து ஆடுகிற சண்டை, அதில் பந்தயமே செல்லாது" என்று சட்டம் பேசி இத்தனை வருடம் தப்பித்து வந்திருக்கிறேன். நேரில் பேசினால் நீங்கள் குறுக்கே விழுந்து பேசுவீர்கள். அதனால் என் வாக்குமூலத்தை எல்லாரும் படிக்கும்படி எழுதியே வைத்துவிடுகிறேன். யார் பெயரும் போடவில்லை. யார் எவன் என்று உங்களுக்கே தெரியும்.

முதலில் ஏழு உயிர். டிவியில் யாரும் ஏழு என்று சொன்னதில்லை. கமென்ட்ரி நமக்குப் புரியாத வேகத்தில் ஓடியது, கதையை நாமே போட்டுக்கொண்டோம். வெளுத்த முகம், உருண்ட உடம்பு, கீச்சுக் குரல், கையில் ஒரு கலசம்: இதுதான் பால் பேரர். கீழே விழுந்து கிடக்கும் அண்டர்டேக்கர் பக்கம் அவர் கலசத்தைத் தூக்கிக் காட்டுவார், இவர் இடுப்பு வரை விறைப்பாக எழுந்து உட்காருவார். உயிர் கலசத்துக்குள் இருக்கிறது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏழு கடல், ஏழு மலை தாண்டி, கிளியின் கழுத்தில் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதியைப் பாட்டி ஏற்கெனவே நமக்குக் காட்டிக்கொடுத்திருந்தாள். ஏழு என்ற எண் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது என் கட்சி. ஒரு தகவல்: பால் பேரராக வந்த வில்லியம் மூடி, நிஜ வாழ்க்கையிலேயே லைசென்ஸ் வாங்கிச் சவ அடக்கத் தொழில் செய்தவர். அந்தப் பெயரே பாடை தூக்குகிறவர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து வைத்ததுதான்.

சரி, டிவியில் அவரைச் சாகடித்த தடவைகளை எண்ணிப் பார்த்தேன். 1994 ஜனவரி ராயல் ரம்பிள் நிகழ்ச்சியில் எதிராளி யோகோசுனாவுக்கு ஒரு கும்பலே துணைக்கு வந்து இவரைச் சவப்பெட்டியில் தள்ளிப் பூட்டியது. புகை கிளம்பி, ஓர் உருவம் அரங்கத்தின் கூரையை நோக்கி ஏறிப் போனது. ஏறியது இவர் இல்லை, மார்ட்டி ஜானெட்டி என்கிற இன்னொரு மல்லர். இவருக்கு முதுகு வலி, ஓய்வு வேண்டியிருந்தது. 1996 அக்டோபரில் மேன்கைண்ட் என்ற மல்லரை ஜெயித்த பிறகும் ஒரு கூட்டம் வந்து இவரைக் குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளியது. இடி மின்னலோடு மண்ணுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது. 1998 ஜனவரியில், கதைப்படி இவர் தம்பியான கேன் சவப்பெட்டியைப் பூட்டித் தீ வைத்தான். 2003 நவம்பரில் மறுபடி மண். 2005 அக்டோபரில் ராண்டி ஆர்ட்டனும் அவன் அப்பாவும் மறுபடி தீ. 2010 அக்டோபரில் மறுபடி கேன், மறுபடி மண். ஆக மொத்தம் ஆறு. ஏழு என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தவன் ஒன்று கூட்டிச் சொல்லியிருக்கிறான், அவ்வளவுதான். "உயிராவது மண்ணாவது" என்றவன்தான் கணக்கில் ரொம்பத் தூரம் தள்ளி நிற்கிறான். ஏழாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

"ஒரிஜினல் எப்பவோ செத்துட்டாருடா, இப்போ வர்றது டூப்" என்று ஒருவன் ஒரு டேர்ம் முழுக்க சாதித்தானே, அவனுக்குப் பாதி மார்க். 1994 ஆகஸ்ட் சம்மர்ஸ்லாமில் நிஜமாகவே ஒரு டூப்பை இறக்கினார்கள். பிரையன் லீ என்று ஒருவர், அதே தொப்பி, அதே கோட்டு. அண்டர்டேக்கரும் அண்டர்டேக்கரும் மோதினார்கள், ஒரிஜினல் ஜெயித்தார். அதே பிரையன் லீதான் 1996-இல் அக்‌ஷய் குமாரின் இந்திப் படத்தில் அண்டர்டேக்கராக வந்து அடி வாங்கினார். அண்டர்டேக்கரை அக்‌ஷய் குமார் அடித்துவிட்டார் என்று வட இந்தியாவில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். டூப்பை அடித்தார், சரி.

ஆள் யார் என்பதை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மார்க் கேலவே, 1965-இல் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் பிறந்தவர். காலேஜில் பாஸ்கெட்பால் ஆடினார். வேறொரு கம்பெனியில் மீன் மார்க் என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தார், பெரிதாக எடுபடவில்லை. 1990 நவம்பர் 22, சர்வைவர் சீரிஸில் முதல் முறை அண்டர்டேக்கராக இறங்கினார். ஒரு வருடம் கழித்து ஹல்க் ஹோகனிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கி, ஆறே நாளில் திரும்ப விட்டார்.

இங்கேதான் நான் ஆச்சரியப்படுகிறேன். தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனி ஊரில் இருக்கிற அத்தனை வேலைக்காரனையும் ரிங்கில் ஏற்றியது. வருமான வரி அதிகாரி ஒருவர் டை கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். குப்பை அள்ளுபவர், பிளம்பர் எல்லாரும் வந்தார்கள். எல்லா வேஷமும் ஒன்றிரண்டு வருடத்தில் சாயம் போய்விட்டது. பல் டாக்டர் வேஷம் கட்டி வந்து காணாமல் போனவர்தான் கொஞ்ச நாளில் முகமூடி மாட்டிக்கொண்டு கேனாகத் திரும்பினார். 2018-இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ் கவுண்டிக்கு மேயராகவே தேர்வானார். (கேன் மேயர். இதைக் கேட்டபோது உங்களில் ஒருவன் பாயசத்தில் புரையேறி இருமினான்.) இப்படிப்பட்ட கடையில், வெட்டியான் வேஷம் ஒன்று மட்டும் முப்பது வருடம் ஓடியிருக்கிறது. 2000 முதல் மூன்று நான்கு வருடம் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தலையில் துணி கட்டி பைக்கில் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? அதுதான் பெஸ்ட் என்று ஒருவன் இப்போதும் சொல்கிறான். அப்பீல் தள்ளுபடி. அந்தச் சமயத்தில்தான், 2002-இல், கம்பெனியே தன் பெயரில் இருந்த 'எஃப்'பை, பாண்டாவைச் சின்னமாக வைத்திருக்கும் உலக வனவிலங்கு நிதியத்திடம் கோர்ட்டில் தோற்று 'இ' ஆனது. ஒரு பாண்டா கரடி ஜெயித்த டைட்டில் மேட்ச் அது.

அப்புறம் நம் பி.டி. சார். நம்மிடமிருந்து பிடுங்கிய, மல்லர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டுக் கட்டை மேசை மேல் தட்டிக்கொண்டே, "தாரா சிங் முன்னாடி இவனுங்க எல்லாம் நிப்பானுங்களாடா" என்று கேட்டார். அன்றைக்கு அண்டர்டேக்கர் கார்டும் அந்தக் கட்டோடு போனது. உயரத்துக்கு ஜெயன்ட் கொன்சாலஸ், எடைக்கு யோகோசுனா, மற்ற எல்லாவற்றுக்கும் அண்டர்டேக்கர் என்று நான் பழகி வைத்திருந்த கட்டு. சாருக்கு இப்போது பதில் சொல்லலாம். அதே கம்பெனி தன் ஹால் ஆஃப் ஃபேம் பட்டியலில் நம் நாட்டு மல்லர் தாரா சிங்கை 2018-இல் சேர்த்தது. அண்டர்டேக்கரைச் சேர்த்தது 2022-இல். சார் சொன்ன ஆள் நாலு வருடம் சீனியர்.

இனி பெரிய வழக்கு: பொய்ச் சண்டையா, நிஜச் சண்டையா. 1998-இல் இதற்காக இரண்டு பேர் மூன்று வாரம் பேசாமல் இருந்தீர்கள். அதற்கு ஒன்பது வருடம் முன்பே கம்பெனி வாயாலேயே பதில் சொல்லியாகிவிட்டது. 1989-இல் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம், இது போட்டி இல்லை, ஜனங்களைச் சந்தோஷப்படுத்துகிற நிகழ்ச்சி என்று ஒப்புக்கொண்டார்கள். உண்மை பேச வேண்டும் என்ற ஆசையால் இல்லை. விளையாட்டு என்று சொன்னால் மாநில ஆணையத்தின் கட்டுப்பாடு, வரி எல்லாம் வந்து உட்காரும். நிகழ்ச்சி என்று சொன்னால் மிச்சம். அரிச்சந்திரன் மாதிரி உண்மை பேசினார்கள், ஆனால் கணக்குப்பிள்ளை கேட்டுக்கொண்டதால் பேசினார்கள்.

ஆக முடிவு எழுதி வைத்ததுதான். அதில் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் நம் பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் வருடா வருடம் படுகளம் நடக்கிறது. துரியோதனன் தொடை பிளந்து சாவான் என்பது ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும். அதற்காக யாராவது ராத்திரி வீட்டில் தூங்குகிறார்களா? கூத்தாடி விடிய விடிய ஆடினால் கால் வலிப்பது கதையில் எழுதின வலி இல்லையே.

பிப்ரவரி 21, 2010, செயின்ட் லூயிஸ். இந்த ஒரு காட்சியை மட்டும் தேடிப் பாருங்கள். எலிமினேஷன் சேம்பர் மேட்ச்: ஒரே கூண்டுக்குள் ஆறு பேர், ஒவ்வொருவராகச் சண்டைக்கு இறங்குவார்கள். இவர்தான் அப்போது உலக சாம்பியன். விளக்கு மங்குகிறது, மணி அடிக்கிறது, நீளத் தோல் கோட்டும் தொப்பியுமாக நடந்து வருகிறார். இந்த நடைக்கு நடுவில் தீப்பிழம்பு எழும்புவது வழக்கம். அன்றைக்கு நேரம் தப்பி, அவர் நிற்கிற இடத்திலேயே எழும்பியது. ஒரு கணம் ஆள் முழுசாக நெருப்புக்குள் போய்விடுகிறார். அடுத்த கணம் அதிலிருந்து வேகமாக வெளியே வருகிறார். முப்பது வருடம் ஊர்வலம் மாதிரி நடந்த மனிதர் அவசரமாக நடந்தது அன்றைக்குத்தான். பிறகு கூண்டுக்குள், தன் முறை வரும்வரை தண்ணீர் பாட்டிலைத் தலையிலும் மார்பிலும் கவிழ்த்துக்கொண்டே நிற்கிறார். கேமரா அவர் பக்கம் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டில் தெரியும். கழுத்திலும் மார்பிலும் தீக்காயம். அப்படியே இறங்கிச் சண்டை போட்டார். எழுதி வைத்தபடியே ஷான் மைக்கேல்ஸிடம் முகத்தில் உதை வாங்கி, எழுதி வைத்தபடியே பட்டத்தை விட்டார். நெருப்பை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

மேன்கைண்டைப் பதினாறடி கூண்டின் மேலிருந்து தூக்கிப் போட்டதை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. 1998 ஜூன், பிட்ஸ்பர்க். அதைப் பார்த்துவிட்டு மறுவாரம் நம் வகுப்பில் டீச்சர் மேசை மேலிருந்து பெஞ்ச் மேல் குதித்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு வந்தவன் இதைப் படித்துக்கொண்டிருக்கிறான். அவன் அறிய வேண்டியது ஒன்றுதான்: இரண்டாவது விழுகை, கூண்டின் கூரை பிய்ந்து உள்ளே விழுந்தது, அது திட்டத்திலேயே இல்லை. மேன்கைண்டாக வந்த மிக் ஃபோலியின் உடைந்த பல் மூக்குக்குள் போய்ச் சிக்கியிருந்தது. தூக்கிப் போட்டவருக்கும் அன்று பாதத்தில் எலும்பு முறிவு. அந்தக் காலோடுதான் கூண்டின் மேல் ஏறினார். 1995-இல் கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்து முகமூடியோடு வந்தது தனிக் கதை.

2009 ஹூஸ்டன் ரெஸில்மேனியா, ஷான் மைக்கேல்ஸோடு. என் ஓட்டு கேட்டால் இரண்டு பேர் வாழ்க்கையிலும் இதுதான் நம்பர் ஒன் மேட்ச், இதில் விவாதத்துக்கே இடம் கொடுக்க மாட்டேன். அதில் அண்டர்டேக்கர் மேல் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்கிறார். இவரைப் பிடிப்பதற்காகக் கீழே ஒரு மல்லரைக் கேமராமேன் வேஷத்தில் நிறுத்தியிருந்தார்கள். பிடி தப்பியது, இவர் தலை குத்தி விழுந்தார். கழுத்து முறிந்துவிட்டது என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். பிடிக்கத் தவறியவர் சிம் ஸ்னூக்கா. ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கர் முதன்முதலில், 1991-இல், தோற்கடித்த ஜிம்மி ஸ்னூக்காவின் மகன். அப்பா கணக்கை மகன் தீர்க்கப் பார்த்தான் என்று நம் ஊரில் ஒரு பாட்டே கட்டியிருப்பார்கள். எழுந்து மிச்ச மேட்சையும் முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

இந்த உடம்பு ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவர் வாயைக் கட்டியது. பேட்டி இல்லை, சிரிப்பு இல்லை, வெளியிலும் அந்த ஆளாகவே இருந்தார். மல்யுத்தக்காரர்கள் இதைக் கேஃபேப் என்பார்கள்: வேஷத்தை ஊர் பார்க்கக் கலைக்காமல் இருப்பது. மற்றவர்கள் எல்லாரும் பட விளம்பரம், டாக் ஷோ என்று கலைத்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் வேட்டி நுனியைக்கூட அவிழ்க்கவில்லை. உள்ளே டிரெஸ்ஸிங் ரூமில் அவர்தான் நாட்டாமை. மரியாதைக் குறைவு, கஞ்சத்தனம், புதுப்பையன்களின் அலம்பல் என்று மல்லர்களுக்குள் வரும் தகராறுகளை விசாரிக்க விளையாட்டும் வினையுமாக ஒரு பஞ்சாயத்து வைத்திருந்தார்கள், தீர்ப்புச் சொல்வது இவர். நம் காதுகுத்துப் பஞ்சாயத்துக்கு அவர்தான் குலதெய்வம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காளி விஷயம் நடுவில் வந்துபோகட்டும். 2006-இல் பஞ்சாப் போலீஸிலிருந்து போன நம் தலிப் சிங் ராணா, 'தி கிரேட் காளி' என்று இறங்கி, வந்த வேகத்தில் அண்டர்டேக்கரை அடித்துத் தோற்கடித்தார். நான் அண்டர்டேக்கர் பக்கம் நின்றதைத் தேசத்துரோகம் என்று சொன்னவன், காளி அடுத்தடுத்துத் தோற்றபோது எங்கே போனான்?

இப்போது தோல்வி. 1991-இல் தொடங்கி ரெஸில்மேனியாவில் 21 மேட்ச், 21 வெற்றி. ஆரம்பத்தில் கம்பெனியே அதைக் கணக்கு வைக்கவில்லை. அந்த 21-இல் ஒன்று, 1993-இல், ஜெயன்ட் கொன்சாலஸ் மயக்க மருந்துத் துணியை மூக்கில் வைத்து அழுத்தியதால் கிடைத்த வெற்றி. நம் தெரு கிரிக்கெட்டில் கூட அதை வெற்றி என்று எழுத மாட்டோம். போகட்டும். ஏப்ரல் 6, 2014, நியூ ஆர்லியன்ஸ். நமக்குத் திங்கட்கிழமை காலை. பிராக் லெஸ்னர் மூன்றாவது முறை சுழற்றி அடித்தார், நடுவர் மூன்று தட்டினார், எழுபத்தைந்தாயிரம் பேர் சத்தமே இல்லாமல் நின்றார்கள். மணி அடித்தும் கொஞ்ச நேரம் பாட்டுக் கூடப் போடவில்லை. பிறகு பெரிய திரையில் 21-1. நான் ஆபீஸ் பஸ்ஸில் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடமிருந்து முதலில் வந்த மெசேஜ் "மட்டனா சிக்கனா?"

அன்று மேட்சுக்கு நடுவிலேயே அவருக்குத் தலையில் பலத்த அடி. அந்த நாளின் பெரும்பகுதி தனக்கு ஞாபகமே இல்லை என்று பின்னால் அவரே சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். தன் வாழ்க்கையின் பெரிய தோல்வி அவர் தலைக்குள்ளேயே பதிவாகவில்லை. நமக்குத்தான் பதிவாகியிருக்கிறது.

தோற்றிருக்கக் கூடாது என்பது உங்களில் மூன்று பேர் கட்சி. நான் மாறிவிட்டேன். பிராட்மேனைப் பாருங்கள். 1948-இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ், நாலே நாலு ரன் எடுத்தால் சராசரி நூறு. எரிக் ஹோலிஸ் பந்தில் டக். 99.94. நூறு என்று முடிந்திருந்தால் அது இன்னொரு எண். இப்போது அந்தத் தசமப் புள்ளியையும் சேர்த்து மனப்பாடமாகச் சொல்கிறோம். 21-0 என்றால் ஒரு வாழ்த்து மடல். 21-1 என்றால் ஒரு கதை. அதனால் தோற்றது சரி, தோற்கடித்தவன்தான் தப்பு என்பது என் தீர்ப்பு. ஹோலிஸை உலகம் நினைவில் வைத்திருப்பதே அந்த ஒரு பந்துக்காகத்தான். லெஸ்னர் ஏற்கெனவே நிஜக் கூண்டுச் சண்டையில் யுஎஃப்சி ஹெவிவெயிட் பட்டம் வாங்கி வந்த ஆள். அவருக்கு இது இன்னொரு பதக்கம். இதை ப்ரே வயட் மாதிரி ஒரு புதுப் பேய்க்குக் கொடுத்திருந்தால் குடும்பச் சொத்து மாதிரி கைமாறியிருக்கும். அடுத்த வருடம் அந்த வயட்டையும் இவர் தோற்கடித்தார். வயட் 2023-இல், 36 வயதில், நிஜமாகவே இறந்துபோனார்.

சரி, எப்போது நிறுத்தியிருக்க வேண்டும்? இங்கே ஒருவன் எப்போதும் கவாஸ்கரை இழுப்பான்: 1987 பெங்களூரு டெஸ்ட், திரும்புகிற பந்தில் 96, அதோடு டெஸ்ட் ஆட்டத்துக்கே டாட்டா. நல்ல உதாரணம்தான். ஆனால் கவாஸ்கருக்குப் பின்னால் ரிங் ஓரத்தில் நின்று "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று கத்துகிற கூட்டம் இல்லை. இவருக்கு இருந்தது. 2017 ஆர்லாண்டோவில் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, கையுறை, கோட்டு, தொப்பி மூன்றையும் ரிங் நடுவில் மடித்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நம்மில் எத்தனை பேர் அழுதோம், எத்தனை பேர் அடுத்த வருடமே "வந்தால் நல்லாருக்கும்" என்றோம்? வந்தார். ஜான் சீனாவை மூன்று நிமிடத்துக்குள் முடித்தார், நாம் விசிலடித்தோம். 2018-இல் ரியாத், 2019-இல் ஜெட்டா. கோல்ட்பெர்க்கோடு ஜெட்டாவில் நடந்ததை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேர், அந்த வெக்கையில், ஒருவரை ஒருவர் தூக்க முடியாமல் தடுமாறுகிறார்கள். கோல்ட்பெர்க் தலையில் அடிபட்டு நினைவு தப்பிய நிலையில் இவரைத் தூக்க, இவர் கழுத்து மயிரிழையில் தப்பியது. நம் அப்பா மாடிப்படியில் தடுமாறுவதைக் கீழே நின்று பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு. அந்த மேட்சைக் கேட்டது யார்? பதினைந்து வருடமாக இவரும் கோல்ட்பெர்க்கும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டிருந்த நாம்தான். நானும்தான்.

நல்ல வேளை, அதோடு முடியவில்லை. 2020-இல் கொரோனா வந்து அரங்கங்களை மூட, ஏஜே ஸ்டைல்ஸோடு மேட்சை ராத்திரி நேரத்தில் ஒரு சுடுகாட்டு செட்டில் சினிமா மாதிரி எடுத்தார்கள். கூட்டம் இல்லை, கத்தல் இல்லை. ஸ்டைல்ஸைக் குழியில் தள்ளி மண்ணைப் போட்டு மூடிவிட்டு பைக்கில் ஏறிப் போனார். அதுதான் கடைசி மேட்ச். பைக் கட்சிக்காரனுக்கு இந்த ஒரு இடத்தில் மட்டும் வெற்றி. முதல் மேட்சிலிருந்து சரியாக முப்பது வருடம் கழித்து, 2020 நவம்பர் 22, ஆர்லாண்டோவில் விடை சொன்னார். நாற்காலியில் மனிதர்கள் இல்லை, சுவர் முழுக்க டிவித் திரைகளில் முகங்கள். ரிங் நடுவில் மண்டியிட்டார். எதிரே, ஏழு வருடம் முன்பு இறந்துபோன பால் பேரர், ஒளியால் வரைந்த உருவமாகக் கலசத்தைப் பிடித்தபடி நின்றார். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "யாருப்பா அது, பேயா?" என்றாள். "ஆமா" என்றேன்.

இனி ஏழாவது. 2022-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது ஜனங்கள் கைதட்டி முடிக்கவே ரொம்ப நேரம் ஆனது, மனிதர் முகத்தில் அத்தனை வருடம் பூட்டி வைத்த சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. கடைசியில் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டார். இனி வரவே மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. 2024 ஏப்ரல், ஃபிலடெல்ஃபியா ரெஸில்மேனியா. கோடி ரோட்ஸும் ரோமன் ரெய்ன்ஸும் மோதிக்கொண்டிருக்க, ரிங்கில் ராக் என்ற இன்னொரு மல்லர் நின்றுகொண்டிருந்தார். விளக்கு அணைந்தது, மணி அடித்தது. விளக்கு வந்தபோது ராக்குக்குப் பின்னால் ஆள் நிற்கிறது. கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஒரு அடி. மறுபடி விளக்கு அணைந்தது. மறுபடி வந்தபோது ஆள் இல்லை.

ஆறு முறை செத்தவர் ஏழாவது உயிரோடு நடமாடுகிறார் என்று இந்தப் பஞ்சாயத்துக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். மாரியம்மன் மேல் சத்தியம் செய்தவனுக்கு என் மன்னிப்பு.

கிளை வழக்கு பாக்கி இருக்கிறது. நெருப்பு நிஜம், பல் நிஜம், தலையடி நிஜம் என்று இத்தனை பக்கம் வாதாடிவிட்டு, பந்தயம் மட்டும் செல்லாது என்று இனி நான் சொன்னால் சிரிப்பீர்கள். வருகிற இரண்டாம் சனிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி, பழைய பஸ் ஸ்டாண்டு எதிர் மாடி ஹோட்டல். சர்க்கரைக்காரர்கள் மாத்திரையோடு வரவும். பெல்ட்காரனுக்குச் சுவர் ஓரச் சாய்வு நாற்காலி பிடித்து வைக்கிறேன். சிக்கன்தான், 2014-இல் நான் மட்டன் என்று சொல்லவே இல்லை, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரவும்.

இப்படிக்கு,
ஜன்னல் ஓரம், கடைசி பெஞ்ச்,
எட்டாம் வகுப்பு 'பி', 1998-99